தண்ணீருக்குள் நட்ட வேலி

எங்கள் அணை சின்ன அணை. இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும். இரண்டு மலைக்கு நடுவில் ஓடைக்குக் குறுக்கே கட்டியது. ஐப்பசி மழைக்கு நிரம்பும். பங்குனி, சித்திரையில் வற்றி, பாதிக்கு மேல் சேறு தெரியும். அதில் நாங்கள் சில குடும்பங்கள் மீன் பிடிக்கிறோம். எல்லோரும் மிளகு, மரவள்ளி வைத்துப் பிழைத்தவர்கள். மீன் பிடிக்கிற வம்சம் யாரும் இல்லை. தண்ணீர் வந்த பிறகு கற்றுக்கொண்டது.

அணை கட்டும்போது உள்ளே நின்ற மரங்களை வேரோடு எடுத்துவிட்டார்கள். அடி மொட்டையாகக் கிடக்கும், நெல் அடிக்கிற களம் மாதிரி. மீன் ஆபீசில் குஞ்சு கொண்டுவந்து விடுவார்கள். குஞ்சுக்கு ஒளிய இடம் கிடையாது. நீர்க்காகம் வந்து பொறுக்கிக்கொண்டு போகும். மிச்சத்தைப் பெரிய மீன் தின்னும்.

கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்த மீன் ஆபீஸ் சார் ஒருநாள் எங்களைக் கரையில் உட்காரவைத்துச் சொன்னார். நல்ல மனிதர். பொறுமையாகப் பேசுவார். மீனுக்கு மறைவு வேண்டும், காய்ந்த கிளையைக் கட்டாகக் கட்டிக் கல்லைச் சேர்த்து ஆழத்தில் இறக்குங்கள் என்றார். கிளையில் பாசி பிடிக்கும், பாசிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குக் குஞ்சு வரும், குஞ்சு அங்கேயே நின்று வளரும்.

நாங்கள் தலையாட்டினோம். என் மச்சினன் மட்டும் கேட்டான்.

"ஏனுங்க சார், மீனுக்கு ஊடு கட்டோணும். அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதான்ப்பா."

"அது எங்களுக்குத் தெரியுமுங்க."

மச்சினன் என்றால் என் வீட்டுக்காரியின் தம்பி. அவன் தவழ்கிற வயசில் தாய் போய்விட்டது. அக்காள் இடுப்பில் வளர்ந்தவன். எனக்குக் கட்டிக்கொடுத்தபோது அவனும் கூடவே வந்தான். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. பரிசலில் நானும் அவனும்தான் போவோம். நான் துடுப்பு, அவன் வலை. மலையிலேயே எடப்புளி நாட்டில் அவனுக்குப் பெண் பார்த்திருந்தோம்.

எங்களுக்குத் தெரிந்த வேலை நடுகிற வேலை. மிளகுக் கொடி ஏறுவதற்கு முள்முருங்கைக் கம்பை நடுவோம். வேலிக்கும் அதுதான். பச்சைக் கம்பாக வெட்டி, அடியைச் சாய்வாகச் சீவி, காயாமல் இருக்கத் தலையில் சாணி அப்பி, குழி போட்டு நட்டால் தளிர்த்துவிடும். வைகாசியில் மிளகுத் தோட்டத்தில் கிளை கழித்தோம். கழித்த கம்பு நிறையக் கிடந்தது. அணை அடி வற்றிக் கிடந்தது. மச்சினன் கம்பையெல்லாம் சுமந்து கொண்டுபோய்ச் சேற்றில் வரிசையாக நட்டான். கரையிலிருந்து ஆரம்பித்து உள்பள்ளம் வரைக்கும். நடுவில் மூங்கில் பிளாச்சும் காப்பிக் குச்சியும் வைத்துப் பின்னினான். காய்ந்தது வேண்டும், கட்டு வேண்டும் என்று சார் சொன்னது எங்கள் காதில் விழுந்ததுதான். கை தெரிந்த வேலையைத்தான் செய்தது. கம்பின் தலைக்குச் சாணியும் அப்பினான்.

எதிர்க்கரைப் பங்காளி அதைப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன மாப்ள, மீனு ஊட்டுக்கு வாசல் மொழுகறயா? அப்படியே கோலமும் போட்டுரு."

"போடுவனுங்க. உங்கக் கரை மீனெல்லாம் இங்கதான் குடி வரப்போகுது, பாருங்க."

"வரும் வரும். மொளகு காச்சா எனக்கு ஒரு படி குடு."

மழை வந்தது. தண்ணீர் ஏறி வரிசையை மூடியது. கரையோரத்துக் கம்புகள் மட்டும் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அவை தளிர்த்துவிட்டன. தண்ணீரில் நின்றபடி பச்சை இலை விட்டதைப் பார்த்து ஊரே சிரித்தது. அவனும் சிரித்தான்.

ஆனால் மீன் வந்தது. முதலில் ஜிலேபிக் கெண்டை வந்து கம்புகளுக்கு நடுவில் வாலால் சேற்றை விசிறித் தட்டுத் தட்டாகப் பள்ளம் செய்தது. பிறகு ரோகு. பிறகு கட்லா. வேலி ஓரமாக வலை கட்டினால் வெறுங்கையோடு திரும்பியதில்லை. பங்காளியும் அங்கே வந்து வலை கட்ட ஆரம்பித்தார். மச்சினன் தடுக்கவில்லை. "குடிவந்த ஊட்டப் பார்க்க வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

ஒரே தொல்லை முள். பச்சையாக நட்ட கம்பில் முள் அப்படியே இருந்தது. வலை போய் மாட்டும். இழுத்தால் கிழியும். முங்கிப் போய்க் கையால் எடுத்துவிட வேண்டும். அவன் மீன் மாதிரி முங்குவான். சட்டையைக் கழற்றிப் பரிசலில் போட்டுவிட்டு இறங்குவான், எடுத்துவிட்டு வருவான். அது பெரிய காரியமாகவே எங்களுக்குத் தோன்றவில்லை.

கார்த்திகையில் அவனுக்குச் சளியும் காய்ச்சலும் வந்தது. விட்டு விட்டு வந்தது. என் வீட்டுக்காரி பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டுபோனவள், திரும்பும்போது அவனுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தாள். செங்கல் நிறம். அவன் ஒல்லி. அது தொளதொளவென்று தொடை வரைக்கும் தொங்கியது.

"ஏக்கா, இதுக்குள்ள நானும் மாமாவும் ரெண்டு பேரும் போலாம். வளர்ற புள்ளைன்னு நெனச்சுட்டியா?"

"கண்ணாலம் ஆனா ஒடம்பு வெக்கும். போடு சாமி. பனி முடியற வரைக்கும் மேலவிட்டு எறக்கக் கூடாது."

"குளிக்கறப்ப?"

"குளிக்கறப்பவும்தான். போடா."

அதிலிருந்து அதைப் போட்டுக்கொண்டே திரிந்தான். டீக்கடையில் பங்காளி கேட்டார், "மாப்ள, தூங்கறப்பவாச்சும் கழட்டுவியா?" அவன் சொன்னான், "அக்காளக் கேட்டுச் சொல்றனுங்க."

மார்கழியில் ஒரு காலை. முந்தின சாயங்காலம் கட்டிய வலையை எடுக்கப் போனோம். பனி தண்ணீர் மேல் படுத்திருந்தது. வலை வேலியில் மாட்டியிருந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

"உட்ரு மாப்ள. வெயில் வரட்டும்."

"புது வலைங்க மாமா."

பரிசலில் குப்புறப் படுத்துத் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினான். பரிசல் ஒருபக்கம் சாய்ந்தது. சறுக்கி உள்ளே விழுந்துவிட்டான். மேலே வந்து பரிசல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பல் தந்தியடித்தது.

"ஏறு" என்றேன்.

"நனைஞ்சாச்சே. அப்படியே ஒரு முங்கு முங்கி எடுத்துட்டு வாரேன்."

ஸ்வெட்டரோடு போனான். வரவில்லை.

நான் குதித்தேன். எனக்கு நீச்சல் சுமார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கம்பு கையில் பட்டது. அவன் கை பட்டது. இழுத்தேன். வலையில் அவன் மாட்டவில்லை. வலை தனியாகக் கிடந்தது. ஸ்வெட்டர்தான் மாட்டியிருந்தது. முதுகு, கை, எல்லாப் பக்கமும் முள் பிடித்திருந்தது. கம்பளி நூலை முள் விடாது. ஆட்டுக்காரர்களுக்குத் தெரியும். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்வெட்டரை முன்பக்கம் கழுத்திலிருந்து கீழே வரைக்கும் அறுத்து, அதிலிருந்து அவனை உருவி எடுத்துக்கொண்டு வந்தேன். கரையில் போட்டு அழுத்தினேன். கூப்பாடு கேட்டுப் பங்காளி வந்து அவரும் அழுத்தினார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

என் வீட்டுக்காரி ஓடிவந்தாள். மடியில் தலையை எடுத்து வைத்தாள். அழவில்லை. அவன் மார்பைத் தடவினாள். நனைந்த பனியன்தான் இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஸ்வெட்டர் எங்கீங்க?"

அவள் சொன்ன பேச்சைக் கேட்டுக் கழற்றாமல் இருந்தான். அதில்தான் மாட்டினான். இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"கழட்டி வெச்சான். பரிசல் ஆடுனப்ப தண்ணியில விழுந்துருச்சு" என்றேன்.

யோசித்துச் சொன்னது அல்ல. வாயில் வந்தது. பங்காளி என்னைப் பார்த்தார், என் இடுப்புக் கத்தியில் சிக்கியிருந்த கம்பளி நூலைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். அன்றைக்கும் சரி, பிறகும் சரி, அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை வாய் பேசுகிறவர்.

போலீஸ் வந்தது. ஜீப்பில் ஏற்றிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மறுநாள் கொடுத்தார்கள். எங்கள் மிளகுத் தோட்டத்துக்கு மேலே புதைத்தோம்.

அவள் அழுததைவிட ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்ததுதான் அதிகம். "வெறும் மேலோட அந்தக் குளுந்த தண்ணியில எறங்கிருக்கானே. காச்சக்காரப் பையன்." அந்தப் பனிக்காலம் முழுக்க அவள் போர்த்திக்கொள்ளவில்லை. கம்பளியை எடுத்துப் போட்டால் தள்ளிவிட்டுவிடுவாள். நான் சொன்ன பொய் அவளுக்குக் குளிராகப் போய்ச் சேர்ந்தது. உண்மை அதைவிடக் கொடிது என்று நான் சும்மா இருந்தேன்.

மாசி கடைசியில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, தண்ணி வத்துனா அந்த ஸ்வெட்டர் கெடைக்குமுங்களா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன்.

"சேத்துல பொதைஞ்சிருக்கும்."

"பொதைஞ்சா தோண்டிக்கலாம். அவன் துணின்னு எங்கிட்ட வேற என்ன இருக்குது? எல்லாத்தையும் கூடவே போட்டுப் பொதைச்சுட்டீங்க."

அதன் பிறகு தினமும் கரைக்கு வந்து நிற்பாள். தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பாள். எவ்வளவு சீக்கிரம் இறங்குமோ அவ்வளவு நல்லது அவளுக்கு. எனக்கு இறங்கவே கூடாது. அது விழுந்து கிடக்கவில்லை. வேலியில், உள்பள்ளத்துக் கம்பில், முன்பக்கம் அறுபட்டுத் தொங்கிக்கொண்டிருக்கிறது. பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும், அது உடம்பில் இருந்தது என்று.

முங்கி எடுத்துவிடலாம் என்று போனேன். பரிசலிலிருந்து காலைத் தண்ணீரில் விட்டேன். அதற்கு மேல் உடம்பு இறங்கவில்லை. இன்னொரு தடவையும் போனேன். அப்படியேதான். திரும்பி வந்தேன். தண்ணீர் வற்றுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான், அவளும் நானும்.

பங்குனியில் கம்புத் தலைகள் வரிசையாக வெளியே வந்தன. கரையோரத்துக் கம்பு மட்டும் பச்சை. உள்ளே நின்றதெல்லாம் கருத்து, பாசி பிடித்து, வழவழவென்று இருந்தது. அவள் தண்ணீர் ஓரத்துச் சேற்றில் ஒரு குச்சியால் குத்திப் பார்க்க ஆரம்பித்தாள். தண்ணீர் பின்னால் போகப் போக அவளும் உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் விடிந்ததும் அவள் மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்தாள். நான் போனேன். உள்பள்ளத்தில் நெஞ்சு வரைக்கும்தான் தண்ணீர். நடந்தே போனேன். கையால் கம்பு கம்பாகத் தடவிக்கொண்டு போனேன். கிடைத்தது.

நிறம் போய்விட்டது. பாசி படர்ந்து, அதுவும் ஒரு கிளை மாதிரி ஆகியிருந்தது. முள்ளிலிருந்து நூல் நூலாக எடுத்தேன். தூக்கியபோது ஒரு கையிலிருந்து மீன்குஞ்சுகள் கொட்டின. ஜிலேபிக் குஞ்சு. நகம் அளவுதான் இருக்கும். தண்ணீரில் விழுந்ததும் கம்புகளுக்குள் ஓடி ஒளிந்தன. சார் சொன்னது நினைவு வந்தது, பாசிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குக் குஞ்சு வரும் என்று. அதைச் சுருட்டிப் பழைய வலைக்குள் மறைத்துக் கரைக்குக் கொண்டுவந்தேன்.

அவளிடம் கொடுத்துவிடலாமா என்று தோன்றாமல் இல்லை. துவைத்து வைத்துக்கொள்வாள். ஆனால் அறுத்த இடம் இருக்கிறது. கத்தி பட்ட கம்பளியும் கிழிந்த கம்பளியும் ஒன்றில்லை. தைப்பதற்கு எடுத்தாலே தெரிந்துவிடும். தெரிந்தால் அதைச் சுமந்துகொண்டே அவள் உயிரோடு இருக்க வேண்டும். வேண்டாம்.

எரிக்கலாம் என்றால் ஈரம். காட்டில் புதைத்தால் பன்றி கிளறிவிடும். அந்தச் சமயம் சார் மறுபடி வந்து, வைகாசிக்குள் காய்ந்த கிளைக் கட்டுகளைத் தயார் செய்யுங்கள், புதுக் குஞ்சு விடப்போகிறோம் என்று சொல்லியிருந்தார். பச்சைக் கம்பு நடக் கூடாது, முள் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். கரையெங்கும் ஆட்கள் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் காய்ந்த காப்பிக் கிளையும் பலாக் கிளையும் சேர்த்தேன். உரச்சாக்கில் கல்லைப் போட்டு, கல்லுக்கு நடுவில் ஸ்வெட்டரைச் சுருட்டி வைத்து, சாக்கு வாயைக் கம்பியால் முறுக்கினேன். சாக்கைக் கிளையோடு சேர்த்துக் கயிறு போட்டுக்கொண்டிருந்தபோது அவள் வந்துவிட்டாள். முழங்கால் வரைக்கும் சேறு. கையில் குச்சி.

"மீனுக்குங்களா?"

"ஆமா."

"இந்த முடிச்சா நிக்கும்? தண்ணிக்குள்ள போனா அவுந்துக்கும். தள்ளுங்க."

என் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். சாக்கு மேல் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டு, விறகுக் கட்டுக் கட்டுகிற மாதிரி இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். கட்டி முடித்துச் சாக்கைத் தட்டிப் பார்த்தாள்.

"இப்ப நிக்கும்" என்றாள்.

பரிசலில் ஏற்றிக்கொண்டு தனியாகப் போனேன். அணைச்சுவர் ஓரம், எந்தக் கோடைக்கும் வற்றாத இடம். அங்கே இறக்கினேன். கயிறு கையில் ஓடியது. அடியில் போய் நின்றது தெரிந்தது. விட்டுவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் அவள் சேற்றில் குனிந்து தோண்டிக்கொண்டிருந்தாள்.

சித்திரை முழுக்கத் தோண்டினாள். பாட்டில் கிடைத்தது. ஒற்றைச் செருப்பு கிடைத்தது. பங்காளி எப்போதோ தொலைத்த கத்தி கிடைத்தது. பங்காளியும் மண்வெட்டியோடு வந்து கூடத் தோண்டினார். அவருக்குத் தெரியும், அங்கே ஒன்றும் இல்லை என்று. ஆனாலும் வந்தார்.

"அண்ணி, அணைக்கட்ட உழுதே முடிச்சுட்டீங்க. நெல்லு வெதச்சரலாமுங்க."

"வெதைங்க. தண்ணி வந்தா மீனு அறுத்துக்கட்டும்" என்றாள். அவன் போன பிறகு அவள் வாயில் வந்த முதல் கேலிப் பேச்சு அது. சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டாள்.

உள்பள்ளத்துக் கம்புகளை நான் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். முள்ளோடு ஒன்றுகூட நிற்கக் கூடாது. கரையோரத்துக் கம்பு வேர் பிடித்துவிட்டது, வரவில்லை. அதை விட்டுவிட்டேன்.

ஆடியில் மழை. தண்ணீர் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவளைக் கரைக்குத் தள்ளிக்கொண்டே வந்தது. கடைசி நாள் மேட்டில் ஏறி நின்று பார்த்தாள். "போச்சு" என்றாள். குச்சியைத் தண்ணீரில் போட்டாள். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு உலை வைத்தாள்.

அணைச்சுவர் ஓரத்தில் இப்போது நல்ல மீன் நிற்கிறதாம். பங்காளி சொன்னார். நான் அங்கே வலை கட்டுவதில்லை. அவரும் கட்டுவதில்லை. மற்றவர்கள் கட்டுகிறார்கள்.

அவளுக்கு எழுத்து தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் அவளைத் தெரிந்தவர்களாக இருந்தால் படித்துக் காட்ட வேண்டாம்.

இந்தப் பனிக்காலத்தில் அவள் போர்த்திக்கொள்கிறாள். எப்படி மனசு மாறியது என்று நான் கேட்கவில்லை. தானாக எங்கேயோ போய் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். வீட்டுக்கு யாராவது வந்து அவன் பேச்சு எடுத்தால் அதைச் சொல்வாள். போன வாரம் எடப்புளி நாட்டிலிருந்து, அவனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் தாய் வந்திருந்தது. அதனிடமும் சொன்னாள்.

"நான் வாங்கிக் குடுத்ததுன்னு அத்தன ஆசைங்க அதுமேல. நனையக் கூடாதுன்னு கழட்டி வெச்சுட்டு எறங்கிருக்கான், பாருங்க. அந்தக் குளுருலயும்."

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டது. இவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, மடிச்சுத்தானுங்க வெச்சான்?"

ஒவ்வொரு தடவையும் இப்படித் திரும்புவாள். மடித்து வைத்தான் என்பது இந்தத் தடவை புதிதாகச் சேர்ந்தது.

"ஆமா" என்றேன். "மடிச்சுத்தான் வெச்சான்."